களிமண்ணில் கிடைத்த கண்ணாடிச் சில்லுகள்

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தியபோது களிமண்ணில் கண்ணாடி போன்ற தகடுகள் கிடைத்தன. ஜிப்சமா? வெட்டியெடுக்கும் அளவுக்கு இருக்குமா?
– வாசகர், பல்லடம்

பதில்: நகத்தால் கீறிப் பாருங்கள், கோடு விழுந்தால், பெரும்பாலும் ஜிப்சம் (கால்சியம் சல்பேட் கனிமம்) தான். இதேபோல் தகடாகக் கிடைக்கும் காக்காப்பொன்னை (மைக்கா) வளைத்து விட்டால் நிமிர்ந்துகொள்ளும். ஜிப்சத் தகடோ வளைந்தபடியே நிற்கும். சுண்ணாம்புக்கல்லைப் போல அமிலத்தில் நுரைக்கவும் நுரைக்காது.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் கிரெட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த) காலக் கடற்களிமண்ணில் ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடுகிறது. கொங்கு நாட்டின் அடித்தளமோ பெரும்பாலும் மிகப் பழைய நைஸ் (வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய) பாறை என்பதால், உங்களுடையது மண்ணில் ஏறிய சல்பேட் கலந்த நீர் ஆவியாகிப் படிந்த மெல்லிய படிவாகவே இருக்கக்கூடும். ஒரு கிணற்றை வைத்து அளவைக் கணிக்க இயலாது. சீரான இடைவெளியில் ஆய்வுக்குழிகள் தோண்டி, ஒரு கன மீட்டர் மண்ணில் எத்தனை கிலோ ஜிப்சம் தேறுகிறது என்று எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும்.