‘ஜோக்குதானே’ என்றேன், தோழி எழுந்து போய்விட்டார்

கேள்வி: பத்து வருடமாக ஒரு நகைச்சுவை நடிகரின் ரசிகன் நான். சமீபத்தில் அவர் கறுப்பினப் பெண் ஒருவரைக் குரங்கோடு ஒப்பிட்டுப் பேசி, அது பெரிய சர்ச்சையாகிவிட்டது. அலுவலகத்தில் மதிய இடைவேளையில் பேச்சு வந்தபோது, “ஜோக்குதானே, மன்னிப்பும் கேட்டுவிட்டார், விடுங்கள்” என்றேன். எதிரில் இருந்த கறுப்பினத் தோழி சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதிலிருந்து வேலை விஷயம் தவிர என்னிடம் எதுவும் பேசுவதில்லை. வீட்டில் 14 வயது மகள், “இனி அவர் நிகழ்ச்சியைப் பார்க்கலாமா, கூடாதா?” என்று கேட்கிறாள். நான் இனவெறியன் இல்லை. என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கடைசிக்கு முந்தைய வரியில் நின்றுவிட்டேன். உங்களை இனவெறியன் என்று யாருமே சொல்லவில்லையே. தோழியும் சொல்லவில்லை, மகளும் சொல்லவில்லை. ஆனாலும் மறுக்கத் தோன்றியிருக்கிறது. பிரபலம் ஒருவர் வாயை விட்டு மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் பேச்சு தடம் மாறுவது இந்த இடத்தில்தான். ‘என்ன சொன்னார்’ என்று ஆரம்பிப்பது ‘அவர் எப்படிப்பட்டவர்’ என்பதில் போய் நிற்கும். அவர் மனதுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வர யாராலும் முடியாது என்பதால் அந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. சொன்ன வாக்கியமோ எல்லார் முன்னாலும் கிடக்கிறது. அதைக் கையில் எடுங்கள். அலுவலகப் பயிலரங்குகளில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

குரங்கு உவமையையே பார்ப்போம். 2018 மே 29 அன்று அமெரிக்க நடிகை ரோசன் பார், ஒபாமாவுக்கு ஆலோசகராக இருந்த வாலரி ஜாரெட்டை மனிதக் குரங்குகளோடு சேர்த்து ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். சில மணி நேரத்தில் ஏபிசி தொலைக்காட்சி அவருடைய தொடரையே ரத்து செய்தது. அப்போது பலர் கேட்ட எதிர்க்கேள்வி: “ஜார்ஜ் புஷ்ஷையும்தான் குரங்காக வரைந்தார்கள். அன்றைக்கு யாரும் கொதிக்கவில்லையே?” உங்கள் சாப்பாட்டு மேசையிலும் இதே கேள்வி வந்திருக்கலாம். அபத்தமான கேள்வி என்று நான் தள்ளமாட்டேன். பதில் இருக்கிறது.

1906 செப்டம்பர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில், குரங்குகள் இருக்கும் கட்டடத்தில் ஒரு மனிதரை வைத்துக் காட்டினார்கள். காங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓட்டா பெங்கா. கூண்டில் அவருக்குத் துணை ஒரு ஒராங்குட்டான். அவரை வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்தது. கறுப்பினப் பாதிரியார்கள் போராடிய பிறகுதான் அங்கிருந்து விடுவித்தார்கள். 1916இல் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். காட்சிசாலையை நடத்தும் அமைப்பு மன்னிப்புக் கேட்ட வருடம் 2020. புஷ்ஷை வரைந்த கேலிச்சித்திரம் அவர் முகத்தையும் அரசியலையும் கிண்டல் செய்தது, அவ்வளவுதான். அவர் பரம்பரையில் யாரையும் ‘இவர்கள் முழு மனிதர்கள் இல்லை’ என்று அறிவியல் பெயரில் கூண்டுக்குள் நிறுத்தியதில்லை. கறுப்பினத்தவரைப் பார்த்து அதே உவமையைச் சொன்னால், அந்தக் கூண்டும் கூடவே வருகிறது.

உங்கள் தோழி எழுந்து போனது நடிகருக்காக இல்லாமலும் இருக்கலாம். அவரைத் தோழிக்குத் தெரிந்திருக்கவே தேவையில்லை. உங்களைத் தெரியும். “விடுங்கள்” என்று சொன்னவர் நீங்கள்.

“உள்நோக்கம் இல்லாமல் சொல்லியிருந்தால்?” என்று கேட்பீர்கள். இருக்கலாம்தான். மேற்கிந்தியத் தீவுகளின் முன்னாள் கேப்டன் டேரன் சமி, ஐபிஎல் அணியில் ஆடியபோது சக வீரர்கள் தன்னைக் ‘காலு’ என்று கூப்பிட்டதாகவும், வலிமையான குதிரை என்ற மாதிரி ஏதோ அர்த்தம் என்று அப்போது நினைத்துக்கொண்டதாகவும் 2020இல் சொன்னார். நிறத்தைக் குறிக்கும் சொல் என்று தெரிய வந்தபோது கோபம் வந்தது. பிறகு பழைய சகா ஒருவர் பேசி, அன்பால் சொன்னதுதான் என்று சொல்ல, அதை ஏற்றுக்கொண்டார். இதில் கவனிக்க வேண்டியது, அந்த அன்பை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தவர் சமி. கூப்பிட்டவர்கள் தாங்களே தங்களுக்கு நற்சான்று எழுதிக்கொள்ள முடியாது. இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்காக ஐ.நா. 1965இல் ஏற்ற உடன்படிக்கையும் பாகுபாட்டை வரையறுக்கும்போது ‘நோக்கம் அல்லது விளைவு’ என்றே சொல்கிறது. இரண்டில் ஒன்று இருந்தாலும் போதும்.

அடுத்தது உங்கள் “மன்னிப்புத்தான் கேட்டுவிட்டாரே”. மன்னிப்பும் விளைவும் வேறு வேறு கணக்கு. 2019 ஜனவரியில் டர்பனில் நடந்த ஒருநாள் போட்டியில், பாகிஸ்தான் கேப்டன் சர்ஃபராஸ் அகமது தென்னாப்பிரிக்காவின் ஆண்டிலே பெலுக்வாயோவின் நிறத்தை வைத்து உருதுவில் பேசியது ஸ்டம்ப் மைக்கில் அப்படியே பதிவானது. முதலில் பொதுவாக ஒரு வருத்தம் தெரிவித்தார். பிறகு பெலுக்வாயோவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டார், அவரும் ஏற்றுக்கொண்டார். இருந்தும் ஐசிசி நான்கு போட்டிகளுக்குத் தடை விதித்தது. மன்னிப்பதா என்பது பெலுக்வாயோவின் விருப்பம். கேப்டன் ஒருவர் இப்படிப் பேசலாமா என்பது ஆட்டத்தின் விதி.

மன்னிப்பிலும் தரம் உண்டு. “யார் மனதாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்” என்று ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள். அந்த ‘இருந்தால்’ எல்லாவற்றையும் எதிராளியின் தலையில் கட்டிவிடுகிறது. ரோசன் பார் தூக்க மாத்திரை சாப்பிட்டிருந்ததாகச் சொன்னார். மாத்திரை தயாரிக்கும் நிறுவனமே, எங்கள் எந்த மருந்துக்கும் இனவெறி பக்கவிளைவாக இருந்ததில்லை என்று பதில் போட வேண்டியதாயிற்று! இதோடு அமெரிக்க நடிகை வூப்பி கோல்ட்பெர்க்கை வைத்துப் பாருங்கள். 2022 ஜனவரி 31 அன்று தொலைக்காட்சியில், நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்தது இனம் சம்பந்தப்பட்டதல்ல என்றார். அப்பட்டமான பிழை. யார் யூதர் என்று தீர்மானிக்க நாஜிகள் கொண்டுவந்த 1935இன் நியூரம்பர்க் சட்டங்கள் ஒருவர் எதை நம்புகிறார் என்று பார்க்கவில்லை, தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் யூதர்கள் என்றுதான் எண்ணின. அன்றிரவு விளக்கம் சொல்லப் போய் இன்னும் குழப்பினார். மறுநாள் தன் நிகழ்ச்சியிலேயே, தான் சொன்னது எங்கே தவறு என்று குறிப்பிட்டுச் சொல்லி, யூத அமைப்பின் தலைவர் ஒருவரை உட்காரவைத்துப் பேசவிட்டார். அப்படியும் இரண்டு வாரம் இடைநீக்கம். உங்கள் நடிகர் எந்த ரகம் என்பதை அவருடைய அறிக்கையை இன்னொரு முறை படித்து நீங்களே முடிவு செய்யுங்கள். தான் சொன்ன வார்த்தை எது, அது ஏன் தவறு என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடினால் போதும்.

“கருத்துச் சுதந்திரம் என்னாயிற்று” என்பவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவில் அந்த உரிமை அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது, தனியார் தொலைக்காட்சியின் கையை அல்ல. பிரான்ஸில் கதையே வேறு. யூதர்களை இழிவாகப் பேசியதற்காக ஆடை வடிவமைப்பாளர் ஜான் கலியானோவை 2011இல் நீதிமன்றமே குற்றவாளி என்றது. 6,000 யூரோ அபராதம் விதித்து, அதை உடனே கட்ட வேண்டியதில்லை என்று நிறுத்திவைத்தது. அதற்கு முன்பே அவர் வேலை பார்த்த டியோர் ஆடை நிறுவனம் அவரை வேலையைவிட்டு நீக்கியிருந்தது. 2014இல் இன்னொரு பெரிய நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

மகளுக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 14 வயதில் தடை போட்டால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கப் போகிறாள். பழைய நிகழ்ச்சி ஒன்றை அவளோடு உட்கார்ந்து பாருங்கள். முன்பு நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்த இடங்கள் சில இப்போது உறுத்தக்கூடும். உறுத்தினால் அதை அவளிடம் மறைக்க வேண்டாம். ஓட்டா பெங்காவைப் பற்றிச் சொல்லுங்கள். பிடித்தவர் தப்புச் செய்தால் அப்பா என்ன செய்கிறார் என்றுதான் அவள் முக்கியமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இனி தோழி. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதாதீர்கள். ஆட்கள் இருக்கும்போதும் வேண்டாம். தனியாக இருக்கும்போது, நின்றபடியே, சின்னதாக: “அன்றைக்கு ஜோக்குதானே, விடுங்கள் என்றேன். அது தவறு. அந்த ஒப்பீட்டுக்குப் பின்னால் இருப்பதை நினைத்துப் பார்க்காமல் பேசிவிட்டேன். நீங்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றில்லை.” அவ்வளவுதான். “எனக்குக் கறுப்பின நண்பர்கள் நிறைய” என்று தொடங்கிவிடாதீர்கள். “ஏன் வலித்தது என்று புரியவையுங்களேன்” என்றும் கேட்காதீர்கள். காயம்பட்டவரையே ஆசிரியராக்குவது இன்னொரு சுமை. அவர் தலையாட்டிவிட்டுப் போகலாம், பழையபடி பேசாமலே இருக்கலாம். மறுநாளே சரியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்த்துப் பேசினால் அது குரலிலேயே தெரிந்துவிடும்.

அன்று அந்த மேசையில் இன்னும் சிலர் இருந்தார்கள், இல்லையா? நீங்கள் சொன்னதைக் கேட்டவர்கள் அவர்களும்தான். இந்தப் பேச்சு மறுபடி வரும்போது தோழி அங்கே இல்லாவிட்டாலும், “நான் அன்றைக்குச் சொன்னது சரியில்லை” என்று அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.