ஃபீஸ் கட்டி தண்ணி ஊத்தத்தான் கத்துக்குறாளா?

கேள்வி (திருப்பூர்லேர்ந்து ஒரு அம்மா): பொண்ணுக்கு மூணரை வயசு. ஜூன்லேர்ந்து மாண்டிசோரி ஸ்கூல் போறா. என்ன பண்ணேன்னு கேட்டா தண்ணி ஊத்துனேன், டவர் கட்டுனேங்கறா. நோட்டு, ஹோம்வொர்க் எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டு எல்கேஜி பையன் ஏ டு இசட் எழுதுறான், நூறு வரைக்கும் சொல்றான். மாமியார் "இதுக்கா இவ்ளோ காசு"ங்கறாங்க. ஸ்கூல் மாத்திடலாமா, இல்ல அந்த சாமானெல்லாம் வாங்கி வீட்லயே நான் சொல்லித் தரணுமா?

மாத்துறத பத்தி கடைசில பேசலாம்மா, முதல்ல அந்த தண்ணி விஷயம். ஒரு ட்ரேல ரெண்டு குட்டி ஜக் இருக்கும், ஒண்ணுல தண்ணி. அத தூக்கி, மணிக்கட்டை மெதுவா சாய்ச்சு, ரெண்டாவது ஜக்ல ஊத்தி, சிந்தாம எங்க நிறுத்தணும்னு கண்ணால பாத்து நிறுத்தணும், சிந்திடுச்சுன்னா பக்கத்துலயே ஸ்பாஞ்ச் இருக்கு, அவளே தொடைக்கணும். யாரும் திட்ட மாட்டாங்க. நமக்கு இது அரை நிமிஷ வேலை, மூணரை வயசு கைக்கு இது பெரிய வேலை. பென்சில் பிடிக்கறதுக்கு வேண்டிய மணிக்கட்டு கன்ட்ரோல் இங்கதான் வருது.

அடுத்து சிலிண்டர் பிளாக்னு ஒண்ணு இருக்கும், கேட்டுப் பாருங்க. நீளமான மரக்கட்டைல பத்து குழி, பத்து சிலிண்டர், ஒவ்வொண்ணு மேலயும் சின்ன குமிழ். அந்த குமிழை கட்டை விரலும் அடுத்த ரெண்டு விரலும் சேத்துதான் பிடிக்க முடியும், அதாவது பென்சில் பிடிக்கற அதே மூணு விரல். ஒரு சிலிண்டரை தப்பான குழில போட்டா கடைசில ஒண்ணு எங்கயும் பொருந்தாம கையில நிக்கும். குழந்தை அத பாத்துட்டு திரும்ப எல்லாத்தையும் எடுக்க ஆரம்பிக்கும், டீச்சர் சிவப்பு மையால சுழிக்க வேண்டியதே இல்ல, தப்பை சாமானே காட்டிக் குடுத்துடுது. அவ சொல்ற டவரும் இந்த வகைதான், 1 சென்டிமீட்டர்லேர்ந்து 10 சென்டிமீட்டர் வரைக்கும் பத்து பிங்க் கட்டை.

இதுக்கப்புறம்தான் உப்புத்தாள் எழுத்து. சொரசொரன்னு இருக்கற எழுத்து மேல விரலை ஓட்டிக்கிட்டே சத்தத்தை சொல்லுவாங்க, அப்ப காது, கண்ணு, விரல் மூணுக்கும் எழுத்து பழகிடும். இங்க ஒரு விஷயம், இங்கிலீஷ் எழுத்தை பெரும்பாலும் பேரா சொல்லித் தர மாட்டாங்க, சத்தமாத்தான் சொல்லுவாங்க. நீங்க வீட்ல "இது பி, இது சி"ன்னு தனியா ஓட்டுனா குழந்தை குழம்பும். ஸ்கூல்ல என்ன சத்தம் சொல்றாங்கன்னு கேட்டு அதையே சொல்லுங்க.

இந்த முறையை ஆரம்பிச்ச மரியா மாண்டிசோரி அடிப்படைல ஒரு டாக்டர். 1907ல ரோம்ல சான் லோரன்சோங்கற ஏழைங்க ஏரியாவுல, அப்பா அம்மா வேலைக்கு போயிட்டா பாத்துக்க ஆளில்லாம கிடந்த குழந்தைங்களுக்காக முதல் இடத்தை திறந்தாங்க. இது ஏதோ பணக்காரங்களுக்குன்னு வந்த ஃபேஷன்னு உங்க மாமியார் நினைச்சா இதை சொல்லுங்க. 1939ல நம்ம அடையாறுக்கே வந்து பிரம்மஞான சபைல டீச்சர்களுக்கு டிரெயினிங் குடுத்தாங்க, நடுவுல யுத்தம் வந்து கொடைக்கானல்லயும் கொஞ்ச காலம் இருந்தாங்க.

பக்கத்து வீட்டு பையன் நூறு வரைக்கும் சொல்றது நல்ல விஷயம்தான், ஆனா "கண்ணா, ஏழு கரண்டி எடுத்துட்டு வா"ன்னு கேட்டுப் பாருங்க. பல குழந்தைங்க பாட்டு மாதிரி ஒப்பிப்பாங்க, ஏழுன்னா எவ்ளோன்னு கைக்கு தெரியாது. மாண்டிசோரில குச்சி டப்பான்னு ஒண்ணு, 0லேர்ந்து 9 வரைக்கும் அறை, மொத்தம் 45 குச்சி. சைபர் அறைல ஒண்ணும் போடக் கூடாதுங்கறது குழந்தைங்களுக்கு அவ்ளோ சிரிப்பா இருக்கும். எங்கயாவது ஒண்ணு கூட போட்டுட்டா 9க்கு வரும்போது குறையும், அப்ப திரும்ப எண்ணும். அமெரிக்காவுல மில்வாக்கில குலுக்கல்ல மாண்டிசோரி சீட் கிடைச்ச குழந்தைங்களையும் கிடைக்காதவங்களையும் ஒப்பிட்டு 2006ல ஒரு ஆய்வு வந்துச்சு, அஞ்சு வயசுல எழுத்து வாசிக்கறதுலயும் கணக்குலயும் மாண்டிசோரி குழந்தைங்க முன்னாடி இருந்தாங்க. ஆனா அது முறைப்படி நடத்துன ஸ்கூல், சும்மா போர்டு மாட்டுனது இல்ல.

எனக்கு கவலையே இந்த போர்டுலதான். மாண்டிசோரிங்கற பேர் யாருக்கும் சொந்தம் இல்ல, யார் வேணா வச்சுக்கலாம். அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் மூலைல உக்காந்து பாருங்க. ரெண்டரையிலேர்ந்து ஆறு வயசு வரைக்கும் ஒரே அறைல கலந்து இருக்காங்களா, பெல் அடிச்சு கலைக்காம ரெண்டரை மூணு மணி நேரம் வேலை செய்ய விடுறாங்களா, சாமான் குழந்தை கைக்கு எட்டுற ஷெல்ஃப்ல இருக்கா, டீச்சர் எங்க டிரெயினிங் எடுத்தாங்க. சாமான் கண்ணாடி பீரோல பூட்டி இருக்கு, குழந்தைங்க வரிசையா உக்காந்து காப்பி எழுதுதுன்னா, அதுக்கு பக்கத்து வீட்டு பையன் ஸ்கூலே தேவலை, ஃபீஸாவது கம்மி.

சாமான் வாங்காதீங்க, ப்ளீஸ். விலையும் ஜாஸ்தி, ஸ்கூல்ல செய்யறதையே வீட்லயும் செய்ய வச்சா ரெண்டு இடத்துலயும் சலிச்சுடும். உங்க கிச்சன் போதும். பட்டாணி உரிக்கட்டும், கொத்தமல்லி ஆயட்டும், சொம்பை தேய்க்கட்டும், சட்டை பட்டனை அவளே போடட்டும். மாமியார்கிட்ட இந்த டிபார்ட்மென்ட்டை விட்டுடுங்க, பேத்தி பூண்டு உரிக்கறத பாத்தா அவங்களுக்கே பாதி பதில் கிடைச்சுடும். கஷ்டமான பார்ட் உங்களுக்குத்தான்: பட்டன் போட அஞ்சு நிமிஷம் ஆகும், வேன் ஹாரன் அடிக்கும், உங்க கை துருதுருன்னு போகும். கொஞ்சம் முன்னாடியே எழுப்பி விடுங்க.

ஸ்கூல் சரியா இருந்தா இப்ப மாத்தாதீங்க, அங்க ஒரு சுற்றே மூணு வருஷம். முதல் வருஷம் கைக்கும் கண்ணுக்கும் வேலை, எழுத்தும் கணக்கும் மொத்தமா வெளிய வர்றது பெரும்பாலும் கடைசி வருஷம், நம்ம ஆளுங்க சரியா அதுக்கு முன்னாடிதான் தூக்கிட்டு போவாங்க. ஒண்ணாம் வகுப்புக்கு வேற ஸ்கூல்னா அதுக்கு சில மாசம் முன்னாடிலேர்ந்து போர்டை பாத்து எழுதறது, கோடு போட்ட நோட்டு, இதை மட்டும் வீட்ல பழக்குங்க. அதுவரைக்கும் மாசம் ஒரு தடவை டீச்சர்கிட்ட அவ எந்த வேலைய திரும்ப திரும்ப எடுக்கறா, எதை தொடவே மாட்டேங்கறான்னு கேளுங்க. ஒழுங்கா கவனிக்கற டீச்சர்னா நோட்டை பிரிச்சு தேதியோட சொல்லுவாங்க.