தமிழன் சுவடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை காரணமாக மொரிஷியஸ் வந்து எபெனில் இருக்கிறோம். போன வாரம் நானும் மனைவியும் ஒரு நாள் முழுக்க தலைநகர் போர்ட் லூயிஸ் சுற்றினோம். ப்ளூ பென்னி மியூசியத்தில் அந்தப் புகழ்பெற்ற தபால்தலைகளுக்கு விளக்கையே அணைத்து வைத்திருந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய கோடான் கடைப்பகுதியில் காபி, அப்புறம் அழிந்துபோன டோடோ பறவையை வைத்திருக்கும் மியூசியம். அதோடு மனைவி "போதும்" என்று பக்கத்துக் கம்பெனித் தோட்டத்தில் ஆலமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். ஒப்பந்தக் கூலிகள் கப்பலில் வந்து இறங்கிய ஆப்பிரவாசி காட் படித்துறைக்கு நான் மட்டும் போனேன். இடிந்த கல்லும் படியும்தான். எங்கேயும் தமிழன் சுவடே இல்லை. அடுத்த மாதம் திருச்சியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். இதையெல்லாம் எந்த வரிசையில் காட்டினால் ஒரே நாளில் முடியும்?

க.

அன்புள்ள க.,

முதலில் உங்கள் மனைவிக்கு என் வணக்கம். அன்றைய தினம் புத்தியோடு நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். இரண்டு மியூசியத்துக்கு மேல் மனிதக் கண் எதையும் பார்ப்பதில்லை, கால்தான் நடக்கிறது.

விளக்கை அணைத்தது உங்களை ஏமாற்ற அல்ல. 1847இல் அச்சான காகிதம் அது, வெளிச்சம் பட்டால் மை வெளுத்துவிடும். குறித்த நேரங்களில் சில நிமிடம் மட்டும் அசலுக்கு விளக்குப் போடுவார்கள். வாசலில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். டோடோவிடம் தமிழன் சுவடு தேடியதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அது செத்து முடிந்த பிறகுதான் நாம் கப்பலே ஏறினோம்.

ஆனால் 'எங்கேயும் இல்லை' என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. சில நாட்களாக இதே கோபத்தில் இருக்கிறேன். கோடானில் காபிக்குக் காசு எதில் கொடுத்தீர்கள், தம்பி? உங்கள் பர்ஸில் நூறு ரூபாய் நோட்டு ஒன்றாவது இருந்திருக்கும். எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் முகம் ரெங்கநாதன் சீனிவாசனுடையது. தமிழர், வக்கீல், மொரிஷியஸ் சுதந்திரத்துக்கு முன்பே இங்கே அமைச்சராக இருந்து 1958இல் இறந்துபோனவர். ஆங்கிலத்துக்கு அடுத்த வரி தமிழ். அதற்கும் கீழேதான் இந்தி.

அந்த இரண்டாம் வரி சும்மா வரவில்லை. 1998இல் புது நோட்டு வந்தபோது தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே ஏற்றிவிட்டார்கள். சீனிவாசன் படம் போட்ட நோட்டிலேயே அப்படி! எதிர்ப்பு கிளம்பி, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999இல் பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள்.

அப்போது என் அப்பா சமையலறை மேசைமேல் பழைய நோட்டையும் புதியதையும் அருகருகே வைத்து, எண்ணெய்க் கை படாமல் இரண்டு மூலையிலும் டம்ளரை வைத்து அழுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வீட்டில் பேசியது இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல். தேவாரம் கோயிலில் காதால் கேட்டுப் பாடம் பண்ணியது. ஆனாலும் எது தமிழ் வரி என்று அவருக்குத் தெரியும், ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்திருந்தார். "என்ன போட்டிருக்கு, படி" என்றார். "நூறு ரூபாய்" என்றேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

அந்த மனிதருக்கு அந்த வரிக்காகச் சண்டை போட உரிமை இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வருவது மற்றவர்கள் மேல்தான். கோயில் கூட்டத்தில் மேசையைத் தட்டி முழங்கியவர்களில் சிலர், அதே வருடம் பிள்ளைகளைப் பள்ளித் தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். பிரெஞ்சில் மார்க் குறைகிறதாம். வரிசையில் இரண்டாமிடம் வேண்டும், வரியைப் படிக்க மட்டும் ஆள் வேண்டாம்! நீங்கள் ஊரில் தமிழ் படித்துவிட்டு வந்தவர். படிக்கத் தெரிந்த கண்ணை வைத்துக்கொண்டு அந்த நோட்டை மடித்துக் கல்லாவில் நீட்டியிருக்கிறீர்கள். திட்டுவது உரிமையில்தான்.

சரி, ஆப்பிரவாசி காட். 1849இல் கட்டிய கூடம் அது, 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவில் வந்து இறங்கினார்கள். பிகார்க்காரர்கள் அதிகம், சென்னையில் கப்பலேறியவர்களும் உண்டு. அதற்கு நூறு வருடம் முன்பே, லா பூர்தொனே இங்கே பிரெஞ்சு கவர்னராக இருந்தபோது, பாண்டிச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் வந்து இந்த ஊரைக் கட்ட வேலை செய்தார்கள். துறைமுகத்துக்கு எதிரே அவர் சிலை இருக்கிறதே, அங்கே நீங்கள் செல்ஃபி எடுத்திருப்பீர்கள்.

வரிசை கேட்டிருந்தீர்கள். பெரியவர்களைக் காலையில் ஆப்பிரவாசி காட்டுக்குக் கூட்டிப் போங்கள், கட்டணம் கிடையாது. அப்புறம் மார்க்கெட்டில் சூடாக தால் பூரியும் கத்தோ பிமாவும் வாங்கிக் கொடுங்கள். கத்தோ பிமா நம் பருப்பு வடையின் தம்பி, மாமியாருக்குப் பிடிக்கும். பிறகு தபால்தலை, விளக்கு நேரம் கேட்டுக்கொண்டு. டோடோ வேண்டாம். மீதி நேரத்துக்கு உங்கள் மனைவி உட்கார்ந்த ஆலமரம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து அவர் என்னவெல்லாம் பார்த்தார் என்று கேட்டீர்களா? கேட்டு எழுதுங்கள். அவரே எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்.