பொலிஸ் எச்சில் மாதிரி கேட்கிறது, கொடுக்கலாமா?

கேள்வி: மகனுக்கு 22 வயது, பெயின்ற் அடிக்கிற வேலை. அவன் வேலை செய்து முடித்த வீட்டில் இரண்டு கிழமையால் நகை களவு போனது. சந்தேகத்தில் பிடித்து விளக்கமறியலில் வைத்திருக்கிறார்கள். டி.என்.ஏ. பரிசோதனைக்கு எச்சில் எடுக்கச் சம்மதக் கையெழுத்துக் கேட்கிறார்கள். கொடுத்தால் அவனுடைய விபரம் காலம் முழுக்கக் கணினியில் கிடக்கும், எங்கே களவு நடந்தாலும் இவனைத்தான் தேடி வருவார்கள் என்று அயலில் சொல்கிறார்கள். மறுக்கலாமா? (ஒரு தாய், சுன்னாகம்)

பதில்: மறுக்கலாம், அம்மா. ஆனால் அதோடு விட்டுவிட மாட்டார்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 123ஆம் பிரிவுப்படி, சந்தேகநபர் சம்மதிக்காவிட்டால் பொலிஸார் நீதவானிடம் கட்டளை கேட்கலாம். கட்டளை வந்தால் கொடுத்தேயாக வேண்டும். என்னைக் கேட்டால் அந்த வழியே நல்லது. மகன் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்க வேண்டாம். விஷயம் மல்லாகம் நீதிமன்றத்துக்கு வரட்டும். மாதிரியை இந்த விசாரணைக்கு மட்டும் பயன்படுத்தவும், விடுதலையானால் அழிக்கவும் கட்டளையில் எழுதும்படி உங்கள் சட்டத்தரணி கேட்கலாம். கேட்டதெல்லாம் கிடைக்குமென்று நான் வாக்குத் தரமாட்டேன்.

அயலாரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. மரபணு ஒப்பீட்டு முறையை இங்கிலாந்தில் கண்டுபிடித்ததே 1984இல்தான். எங்கள் சட்டத்தை எழுதியவர்கள் மரபணுக் களஞ்சியத்தை நினைத்துப் பார்த்திருக்க வழியில்லை. 1995இல் தேசியக் களஞ்சியம் தொடங்கிய அதே நாடு, குற்றவாளியாகக் காணப்படாதவர்களின் விபரத்தைக் காலவரையின்றி வைத்திருந்தது தவறென்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. அது எங்கள் நீதிமன்றங்களைக் கட்டாது, எடுத்துக்காட்டி வாதாட உதவும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. அலுமாரிக் கைபிடியிலோ யன்னல் நிலையிலோ மகனுடைய வியர்வை, தோல் துணுக்கு இருக்கத்தான் செய்யும். பரிசோதனை அது யாருடையதென்று காட்டும். எந்தத் திகதியில் பட்டதென்று சொல்லாது. அங்கே எந்தெந்த அறையில், எந்த நாட்களில் வேலை செய்தான் என்பது வாக்குமூலத்தில் இப்போதே ஏறவேண்டும். அறிக்கை வந்தபின் சொன்னால் கதை கட்டுகிறான் என்பார்கள். தமிழில் வாசித்துக் காட்டாத வாக்குமூலத்தில் கையெழுத்தும் வைக்கக்கூடாது.

கள்ளன் யன்னலை உடைத்தபோது இரத்தம் சிந்தியிருந்தால் அதே பரிசோதனை மகனைக் காப்பாற்றவும் கூடும். 2015இல் கொட்டதெனியாவ சிறுமி கொலையில் முதலில் பிடிபட்ட பாடசாலை மாணவன், மரபணு பொருந்தாததால்தான் விடுதலையானான்.

அடுத்த தவணைக்கு முன் பெயின்ற் வாங்கிய பில், சம்பளக் கணக்கு எழுதிய கொப்பி, வீட்டுக்காரர் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் சட்டத்தரணியிடம் கொடுங்கள். காசு வசதியில்லையென்றால் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.