ஓணம் முடிந்து வந்த கடன்

"சிறு தொழில் செய்பவர்களுக்கு அரசு தரும் ஆதரவை மேம்படுத்த என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி எங்கே வந்தாலும் மானியத்தைக் கூட்டு, வட்டியைக் குறை என்பதுதான் முதல் பதிலாக வரும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. மானியத்தின் அளவு இப்போதே நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பணம் எந்த மாதத்தில் கைக்கு வருகிறது என்பதில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

நான் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம். வீட்டை ஒட்டி ஷெட் போட்டு ஏத்தங்காய் சிப்ஸ் போடுகிறோம், மற்ற மாவட்டக்காரர்களுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் என்றால் புரியும். யூனிட் என் மைனி (அண்ணி) பெயரில். வறுப்பது, ஆட்களைப் பார்ப்பது எல்லாம் அவர்தான். குலை எடுப்பது, கடைகளுக்குப் போடுவது, வங்கிக்கும் ஆடிட்டரிடமும் அலைவது என் வேலை. அதனால் தொழில் தெரிந்தவர் மைனி, காகிதம் தெரிந்தவன் நான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலுக்கு ஒரு வருடம் என்பது உண்மையில் இரண்டு மாதம்தான். ஓணத்துக்கு முந்தைய ஐந்தாறு வாரத்தில் ஓடுகிற சரக்கு, மீதி மாதங்களில் ஓடுகிற சரக்கில் பாதிக்கு மேல் வரும். ஆனால் அதே ஐந்தாறு வாரத்தில்தான் ஏத்தங்குலை விலையும் ஏறும், தேங்காய் எண்ணெய் விலையும் ஏறும். (2025-ல் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது பட்டதைத் தனியாகவே எழுத வேண்டும்.) நாலு கிலோ காய் சீவினால் ஒரு கிலோ சிப்ஸ் கிடைத்தால் பெரிது. குலைக்குக் காசு அன்றைக்கே எண்ணி வைக்க வேண்டும், கடைக்காரர் காசு தருவதோ சரக்கு விற்ற பிறகு. இந்த இடைவெளியைத் தாண்ட ரொக்கம் இருந்தால் அந்த வருடம் லாபம், இல்லையென்றால் வீட்டு நகை பணயத்துக்குப் போகும்.

2022 ஏப்ரலில் மைனி பெயரில், புதிதாகத் தொழில் தொடங்கக் கடனும் மானியமும் தருகிற மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் விண்ணப்பித்தோம். அதற்கு முன் அவர் வேறொருவர் யூனிட்டில் தினக்கூலிக்கு வறுத்துக்கொண்டிருந்தார். மொத்தத் திட்ட மதிப்பு 6 லட்சம். கிராமப் பகுதியில் பெண்கள் தொடங்கும் தொழிலுக்கு 35 சதவீதம் மானியம், சொந்தப் பணம் 5 சதவீதம் போட்டால் போதும். நல்ல திட்டம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மானியம் கையில் வராது என்பதை விண்ணப்பிக்கும்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் கணக்கில் 2,10,000 ரூபாய். அது 3 வருடம் வங்கியிலேயே வைப்பாகக் கிடக்கும், அந்தத் தொகைக்கு வட்டி தரவும் மாட்டார்கள், கடனில் அந்த அளவுக்கு வட்டி போடவும் மாட்டார்கள், 3 வருடம் கழித்து யூனிட் ஓடுகிறதா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் கடனில் கழிப்பார்கள். பொறுப்பில்லாமல் மூடிவிட்டுப் போகிறவர்களைத் தடுக்க இப்படி வைத்திருக்கிறார்கள், நியாயம்தான். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால், மானியம் வரும் என்று நம்பி மைனி சீட்டுப் பணத்தை எடுத்து ஷெட்டுக்கு ஓடு போட்டிருக்க மாட்டார்.

விண்ணப்பம் மாவட்ட அளவில் தேறி வங்கிக்குப் போனது ஜூனில். கிளையில் பத்திரம் கேட்டார்கள். 10 லட்சம் வரை சிறு, குறுந்தொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி, அதற்காகத்தான் 2000-ஆம் ஆண்டிலிருந்தே, கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடுகட்ட, கடன் உத்தரவாத நிதி என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். நான் அதைச் சொன்னதும் அந்த அதிகாரி கோபப்படவில்லை. "விதி எனக்கும் தெரியும் தம்பி, நாளைக்கு கடன் வாராமல் போனால் என்னைத்தானே கேட்பார்கள்" என்றார். அவர் நிலைமையும் புரிந்தது. எங்கள் பட்டாவோ இன்னும் தாத்தா பெயரில். அதைச் சரி செய்யாமல் விண்ணப்பம் நகராது என்று ஆகி, தாலுகா ஆபீஸ், வில்லங்கச் சான்று, மறுபடி ஒரு கோட்டேஷன் என்று ஓடியதில் அந்த வருட ஓணம் செப்டம்பர் 8-ஆம் தேதி வந்து போயே விட்டது. மைனியின் வளையல் நாலும் பணயத்தில் இருந்தது. கடன் கைக்கு வந்தது டிசம்பரில். டிசம்பரில் சீவும் இயந்திரம் வாங்கிப் போட்டு, தவணையும் ஓடத் தொடங்கி, விற்பனையே இல்லாத மாதங்களில் தவணை கட்டினோம்.

இப்போது என் பதிலுக்கு வருகிறேன். எங்களுக்குக் குலை தருகிற விவசாயி வங்கிக்குப் போனால் கதை வேறு. வாழைக்கு ஏக்கருக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு கடன் தரலாம் என்பதை ஒவ்வொரு வருடமும் மாவட்ட அளவில் ஒரு குழு உட்கார்ந்து நிர்ணயிக்கிறது. பயிர் எப்போது நடுவது, எப்போது வெட்டுவது என்பதை வைத்துத்தான் திருப்பிக் கட்டும் தேதியே வரும். 3 லட்சம் வரை 7 சதவீதம் வட்டி, சரியாகக் கட்டினால் 4 சதவீதம். அந்தக் காயைச் சீவி வறுக்கிற ஆளுக்கு மட்டும் பருவம் கிடையாது என்று வங்கி நினைக்கிறது. வருட விற்பனையில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனமாக, அதாவது சரக்கு வாங்கவும் கூலி கொடுக்கவும் வேண்டிய பணமாகக் கொடு என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதுவும் ஒழுங்காகக் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அது வருடம் முழுக்க ஒரே சீராக விற்கிற கடைக்குப் பொருந்தும் கணக்கு.

பயிருக்குச் செய்வதைத் தொழிலுக்கும் செய்யுங்கள், இதுதான் நான் கேட்பது. குமரி மாவட்டத்தில் என்னென்ன சிறு தொழில் இருக்கிறது, எதற்கு எந்த மாதம் ரொக்கம் வேண்டும் என்று மாவட்ட தொழில் மையமும் வங்கிகளும் ஒரு பட்டியல் போட ஒரு வாரம் போதும். சிப்ஸுக்கு ஆனி, ஆடி. தேன்காரர்களுக்கு ரப்பர் இலையுதிர்ந்து தளிர் விடுகிற நேரம், ஏனென்றால் இங்கே தேன் பெரும்பாலும் ரப்பர் தளிரில் ஊறுகிற இனிப்பிலிருந்துதான் வருகிறது, அதற்கு முன்னாலேயே பெட்டி தயாராக வேண்டும். ஈத்தாமொழி, ராஜாக்கமங்கலம் பக்கம் தும்பு (தேங்காய் நார்) ஆலை வைத்திருப்பவர்களுக்கோ இரண்டு மழையிலும் தும்பு காயாது, அந்த மாதங்களில் தவணையைத் தள்ளி வைத்தாலே பாதி நிம்மதி. கடனும் தவணையும் இந்தப் பட்டியலைப் பார்த்து ஓட வேண்டும். இதற்குப் புதிதாக ஒரு ரூபாய் ஒதுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது விஷயம் எல்லைக்காரர்களான எங்களுக்கே உரியது. சரக்கு விற்பவருக்கு வருடத்துக்கு 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது மாநிலத்துக்குள்ளே. வேறு மாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டு, பலகாரத்துக்கு இல்லை. நான் 700 கிலோமீட்டர் தள்ளி சென்னைக்குச் சரக்கு அனுப்பினால் பதிவு வேண்டாம், அரை மணி நேரத்தில் களியக்காவிளை தாண்டி கேரளத்துப் பாறசாலைக் கடைக்குப் பத்துக் கிலோ போட்டால் வேண்டும். 1956 நவம்பர் 1 வரைக்கும் ஒரே மாநிலமாக இருந்த இடம் இது. எங்கள் தாத்தா காலத்துச் சந்தையே அந்தப் பக்கம்தான், ஓணமும் அந்தப் பக்கம்தான். சிறு வியாபாரிகளுக்கென்று 1 சதவீத வரியோடு ஒரு தொகுப்புத் திட்டம் இருக்கிறதே என்றால், அதில் சேர்ந்தவர் வெளிமாநிலத்துக்கு விற்கவே கூடாது. ஆக முழுப் பதிவு, ரிட்டர்ன், ஆடிட்டர் கட்டணம். பெரிய யூனிட்டுக்கு அது ஒரு செலவே இல்லை, ஒரு அடுப்போடு வறுத்து விற்கிற அக்காமாருக்கு அதுதான் பெரிய சுவர். அவர்கள் இடைத்தரகர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சேவைத் தொழிலுக்கு மட்டும் வெளிமாநில வேலை என்றாலும் 20 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று 2017-லேயே விலக்கு கொடுத்தார்கள். அதே விலக்கைச் சிறு உற்பத்தியாளர்களுக்கும் கொடுக்கலாம். எல்லா மாவட்டத்துக்கும் முடியாதென்றால் எல்லை மாவட்டங்களுக்காவது.

அப்புறம் பாக்கி. சிறு, குறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால் 45 நாளுக்குள் காசு தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இது, படித்தால் சந்தோஷமாக இருக்கும். ஒரு பெரிய கடை எங்களுக்கு 1,40,000 ரூபாய் நாலு மாதம் வைத்திருந்தது. 2023-24 கணக்கு வருடத்திலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்தது, காலத்துக்குள் காசு தராவிட்டால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது. 2024 மார்ச்சில் அந்தக் கடையின் கணக்குப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பில்லில் அந்த உத்யம் நம்பரை எடுத்துவிடுங்க, இல்லையென்றால் வேறு ஆளிடம் எடுக்க வேண்டி வரும்" என்றார். உத்யம் என்பது சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு, அந்த நம்பர் இருந்தால் நாங்கள் சிறு தொழில் என்று தெரிந்துவிடும். என்ன செய்வது, எடுத்துவிட்டேன். புகார் கொடுக்க இணையதளம் இருக்கிறது, விசாரிக்க ஒரு கவுன்சில் இருக்கிறது, 90 நாளில் தீர்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்த அன்றைக்கே அந்தக் கடை எனக்குப் போய்விடும். யார் புகார் கொடுத்தார் என்று தெரிகிற வரைக்கும் என்னைப் போன்றவர்கள் கொடுக்கவே மாட்டோம். எந்தப் பில் எந்தத் தேதியில் யாருக்குப் போனது என்பது ஜிஎஸ்டி கணக்கில் ஏற்கெனவே கிடக்கிறது. 46-ஆவது நாள் கடைக்காரருக்கு அரசிடமிருந்தே ஒரு நோட்டீஸ் தானாகப் போகட்டும். நான் வாயைத் திறந்ததாகவே இருக்காது.

பெயர் கொடுப்பதில் அரசு வேகமாகத்தான் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மார்த்தாண்டம் தேன், மயிலாடி கற்சிற்பம், மட்டி வாழை மூன்றுக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ரொம்பப் பெருமை. ஆனால் அந்த முத்திரையை ஒட்டி விற்க ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயனாளராகப் பதிய வேண்டும், அதை வீடு வீடாகப் போய்ச் செய்து கொடுக்க ஆள் வேண்டும். இதே மார்த்தாண்டத்தில் 1924-ல் ஒய்எம்சிஏ சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் கிராம மறுசீரமைப்பு மையம் தொடங்கினார். ஊரிலேயே குடியிருந்து, பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்து, எடுத்த தேனைச் சேர்ந்து விற்கவும் வழி செய்ததால்தான் இன்றைக்கு மார்த்தாண்டம் தேன் என்று ஒன்று இருக்கிறது. வட்டத்துக்கு ஒருவர், பைக்கில் வந்து யூனிட்டில் உட்கார்ந்து விண்ணப்பத்தை முடித்துக் கொடுக்கிறவர், அவருக்குச் சம்பளம் கொடுங்கள். அப்படி ஒருவர் மைனியிடம் வந்து உட்கார்ந்தால் அவருக்கும் தொழில் பிடிபடும்: உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை எண்ணெயில் தெளித்ததும் சடசடவென்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் எப்போது அடங்குகிறது என்று காதால் கேட்டுத்தான் மைனி அரிகரண்டியை விடுவார், ஒரு நிமிடம் தப்பினால் முப்பது கிலோ காய் வீண். இதைப் பார்த்த ஒருவர் எழுதுகிற திட்ட அறிக்கைக்கும், ஐயாயிரம் வாங்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் ஒரே அறிக்கையைப் பெயர் மாற்றி அடித்துக் கொடுக்கிறவர் எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கும்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். உத்யம் பதிவு இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள், கடைக்கு முதல் சரக்கு போடுவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். எங்கள் வைப்புத் தொகை 3 வருடம் முடிந்து கடனில் கழிந்துவிட்டது, வளையலும் திரும்பி வந்துவிட்டது. நடைமுறை மூலதன வரம்பைக் கூட்டித் தரச் சொல்லி மைனி இந்த முறை தை பிறந்ததுமே எழுதிக் கொடுத்துவிட்டார். ஓணம் ஆகஸ்ட் கடைசியிலேயே வருகிறது, வாரம் ஒரு முறை கிளைக்குப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.