எங்கே போனாய் என்கிறவர்கள்

அன்புள்ள சார்,

உக்ரைனில் போருக்குப் பயந்து மக்கள் ஒதுங்கியிருந்த மரியுபோல் நகர நாடக அரங்கின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. அலுவலகத்தில் சொன்னால், ‘ஈராக்கில் அமெரிக்கா செய்தபோது எங்கே போனாய்? எல்லாவற்றுக்கும் காரணம் அமெரிக்காவின் ராணுவக் கூட்டணியான நேட்டோதான்’ என்கிறார் நண்பர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நாள் செய்தி பார்ப்பதை நிறுத்திவிடலாமா?

– ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

நிறுத்துவது உங்கள் விருப்பம். நேட்டோ பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. பேசப் பேச அந்த அரங்கிலிருந்து தள்ளிப்போய்க்கொண்டே இருப்போம், உங்கள் நண்பருக்கு வேண்டியதும் அதுதான்.

அந்தப் படம் என்னையும் விடவில்லை. குண்டு விழுவதற்கு முன்பே எடுத்த படம் அது. அரங்கின் முன்னும் பின்னும் தரையில், வானத்திலிருந்து தெரிகிற அளவுக்கு வெள்ளை எழுத்தில் ‘தேத்தி’ என்று எழுதிவைத்திருந்தார்கள். குழந்தைகள் என்று பொருள். அது ரஷ்யச் சொல். உக்ரைன் மொழியில் எழுதினால் ‘தித்தி’, ஓர் எழுத்துதான் மாறும். மரியுபோலில் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள்தான் அதிகம், இயல்பாகவே அப்படி எழுதியிருக்கலாம்; ஆனால் அதை மேலேயிருந்து யார் படிக்க வேண்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2022 மார்ச் 16 அன்று ரஷ்யக் குண்டு விழுந்தது. கிழக்கு உக்ரைனில் இருக்கிற டான்பாஸ் பகுதி மக்களைக் காப்பாற்றத்தான் படை அனுப்பினேன் என்றார் புதின். மரியுபோல் டான்பாஸில்தான் இருக்கிறது.

சரி, ஈராக். 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாத்தில், அமீரியா என்ற இடத்துப் பதுங்குமிடத்தில் அமெரிக்க விமானம் போட்ட இரண்டு குண்டுகளில் 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கருகிப்போனார்கள். அதுவும் குழந்தைகளோடு ஒதுங்கியவர்கள் இருந்த இடம்தான். நண்பரிடம் அமீரியா என்று சொல்லிப் பாருங்கள், தெரிகிறதா என்று. ஈராக்கைச் சொல்லி மரியுபோலுக்கு அழாதே என்கிறவர்களில் ஈராக்குக்காக அழுத ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

உங்களையும் திட்ட வேண்டும். பதில் தெரியவில்லையாம்! எழவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, போன வருஷம் பக்கத்துத் தெரு எழவுக்கு நீ ஏன் வரவில்லை என்று ஒருவன் கேட்டால் உட்கார்ந்து அவனுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்களா?

எங்கே போனாய் என்று என்னைக் கேட்டால் சொல்ல முடியும். 2003 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். உலகக் கோப்பை இறுதிப் போட்டி. ஒரே டிவி, முப்பது நாற்பது பேர். ஜாகீர் கானின் முதல் ஓவரிலேயே 15 ரன் போய்விட்டது. விளம்பரம் வரும்போதெல்லாம் யாரோ செய்தி சேனலுக்கு மாற்றுவார்கள், அங்கே அமெரிக்கக் குண்டுகளில் பாக்தாத் வானம் வெடித்துக்கொண்டிருக்கும், ‘தீபாவளி மாதிரி இருக்குல்ல’ என்றான் ஒருவன், சிரித்தவர்களில் நானும் உண்டு. அப்புறம் பாண்டிங் 140 அடித்தார், தோற்றோம். அன்று ராத்திரி நான் மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போகவில்லை, தோற்ற துக்கத்தில்.