ஜீப் ஷெட்டுக்கு வைஃபை வரவில்லை, பனிமூட்டமா காரணம்?

கேள்வி: ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் எங்கள் வீடு. பழைய கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை. வீட்டிலிருந்து சுமார் 120 அடி தள்ளி, சரிவில், ஜீப் நிறுத்தும் தகர ஷெட் இருக்கிறது. அதில் பாதியைத் தடுத்து மகனுக்கு ஆபீஸ் ரூம் ஆக்கிவிட்டோம், சென்னைக் கம்பெனி வேலையை அங்கே உட்கார்ந்துதான் பார்க்கிறான். ஷட்டர் திறந்திருந்தால் போனில் இரண்டு கோடு வருகிறது, பனிமூட்டம் இறங்கிவிட்டால் சுத்தமாகப் போய்விடுகிறது. ஷெட்டுக்குள் ஒரு ரிப்பீட்டர் மாட்டினோம். கோடு முழுசாகக் காட்டுகிறது, ஆனால் வீடியோ மீட்டிங் பாதியில் நின்றுவிடுகிறது. சேலம் கடைக்காரர், பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் செட், மூன்று பெட்டி, வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா சார்?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் பனியை விடுதலை செய்துவிடுவோம், அது ஒரு தப்பும் செய்யவில்லை. வைஃபை ஓடுகிற 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளை 120 அடி தூரத்துப் பனிமூட்டம் ஒன்றும் செய்யாது. பனி இறங்கினால் குளிருக்கு ஷட்டரை இறக்கிவிடுவீர்கள் இல்லையா, அங்கேதான் விஷயம். தகரம் அலையை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும். நடுவில் மரங்கள் இருந்தால் நனைந்த இலையும் தன் பங்குக்குக் கொஞ்சம் குடிக்கும், வீட்டுப் பக்கம் கருங்கல் சுவர் வேறு ஏற்கெனவே பெரும்பகுதியை விழுங்கியிருக்கும். வெயில் நாளில் ஷட்டரை இறக்கிவிட்டுப் பாருங்கள், அப்போதும் கோடு காணாமல் போகும்.

ரிப்பீட்டரை வைத்த இடமும் தப்பு. அரைகுறையாகக் காதில் விழுந்ததை உரக்கத் திருப்பிச் சொல்வதுதான் அதன் வேலை. ஷெட்டுக்குள் இருந்தால் அதற்கே சரியாகக் கேட்காது, அப்புறம் எதைச் சொல்லும்? போனில் நீங்கள் பார்க்கும் முழுக் கோடு ரிப்பீட்டருக்கும் போனுக்கும் உள்ள நெருக்கத்தைத்தான் காட்டுகிறது, ரிப்பீட்டருக்கும் வீட்டு ரூட்டருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று அது சொல்லவே சொல்லாது. விலை குறைந்த ரிப்பீட்டர்கள் வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே அலைவரிசையில் செய்வதால் வேகமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். மெஷ் இதைவிட நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. ஆனால் பெட்டிக்குப் பெட்டி காற்றிலேயே பேசுகிற வரை அதே கல்லையும் அதே தகரத்தையும் தாண்டித்தான் அதுவும் போயாக வேண்டும்.

ஆக, வயர் இழுங்கள். 120 அடி என்றால் 37 மீட்டர் கூட இல்லை, கேட் 6 என்கிற செம்பு நெட்வொர்க் வயர் 100 மீட்டர் வரை போகும். சமவெளியாக இருந்தால் இத்தோடு பதிலை முடித்திருப்பேன். ஏற்காடு என்பதால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. சித்திரை, வைகாசி கோடை மழையில் உங்கள் ஊரில் இடி எப்படி விழும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு தனித்தனிக் கட்டடங்களைச் செம்புக் கம்பியால் இணைத்துவிட்டால், பக்கத்தில் எங்கோ விழுந்த இடிகூட அந்தக் கம்பி வழியே ஓடி, வீட்டு ரூட்டரையும் மகனின் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடலாம்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஃபைபர். பயப்படாதீர்கள், வீட்டுக்கு இணைய இணைப்பு கொடுக்கக் கேபிள்காரர் கம்பத்திலிருந்து இழுத்துவரும் அதே மெல்லிய கறுப்பு வயர்தான். அதன் கண்ணாடி இழையில் ஒளிதான் ஓடும், மின்சாரம் ஓடாது. ஆனால் அந்த வயரோடு ஒட்டிக்கொண்டு தாங்குவதற்கு ஒரு எஃகுக் கம்பி வரும், அதைக் கட்டடத்துக்கு வெளியிலேயே பிரித்து வெட்டிவிடச் சொல்லுங்கள், உள்ளே கொண்டுவர வேண்டாம். வயருக்கு உள்ளேயும் எஃகு இழை இல்லாத ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது. இரு முனைக்கும், ஒளியைச் சாதாரண நெட்வொர்க் வயருக்கு மாற்றிக் கொடுக்கும் மீடியா கன்வர்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி வேண்டும், ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒற்றை இழையில் ஓடும் ரகத்தில் ஒன்றின் மேல் ஏ என்றும் மற்றதன் மேல் பி என்றும் போட்டிருக்கும். இரண்டும் ஏ-வாக வந்துவிட்டால் பவர் விளக்கு எரியும், வேலை நடக்காது. முனையை ஒட்டிக் கொடுக்கும் மெஷின் உங்கள் கேபிள்காரரிடமே இருக்கும், கூலி பேசிக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்தாலும் அந்த மூன்று பெட்டி மெஷ் விலைக்குப் பெரும்பாலும் கீழேதான் நிற்கும்.

தலைக்கு மேல் கட்டாதீர்கள், குரங்குகள் ஊஞ்சல் ஆடிவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கறுப்பு எச்.டி.பி.இ. பைப்பையே ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து அதற்குள் விடுங்கள். களை வெட்டும் மண்வெட்டி அந்த ஆழத்துக்கு வராது. கூடவே ஒரு நைலான் கயிற்றையும் போட்டு வையுங்கள், பின்னால் இன்னொரு வயர் இழுக்க வேண்டி வந்தால் கை கொடுக்கும். பைப்பின் இரண்டு வாயும் மழைத் தண்ணீர் இறங்காதபடி கீழ்நோக்கி வளைந்திருக்கட்டும், ஆனால் ஃபைபரைச் சட்டென்று மடக்கக் கூடாது.

ஷெட்டில் வைக்கப் புது சாமான் தேவையில்லை, பரணில் கிடக்கும் பழைய ரூட்டரே போதும். அதில் டி.ஹெச்.சி.பி.யை, அதாவது போன், கம்ப்யூட்டர்களுக்கு ஐ.பி. முகவரி கொடுக்கும் வேலையை, அணைத்துவிட்டு, ஐ.பி. முகவரியை வீட்டு ரூட்டரோடு மோதாத ஒன்றாக மாற்றி, கன்வர்ட்டரிலிருந்து வரும் வயரை வான் (WAN) துளையில் அல்ல, லேன் (LAN) துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் வீட்டில் உள்ளதே இருக்கட்டும், 2.4-இல் சேனல் மட்டும் வேறு: வீட்டில் 1 என்றால் இங்கே 11. இப்போது அந்தத் தகரம் உங்களுக்கு நண்பன், வீட்டு அலை உள்ளே வந்து குழப்பாது.

தோண்டினால் பாறை என்றால் மட்டும், வெளியில் மாட்டும் ஆன்டெனாப் பெட்டி இரண்டை எதிரெதிரே வைத்துப் பேச வைக்கலாம். லைசென்ஸ் எதுவும் வேண்டாம். ஒன்றிலிருந்து மற்றொன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், நடுவில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் நின்றால் சரிவராது.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வீட்டுக்குப் பின்னால் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, 40 அடிதான். கரண்ட் வயரிலேயே இணையம் அனுப்பும் ப்ளக் இருக்கிறதாமே, அது போதுமா?

பதில்: பட்டறைக்குத் தனி மீட்டர் இருக்கும், அப்படியானால் அந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவு செய்யுங்கள். ஒரே மீட்டராக இருந்தாலும் மூன்று ஃபேஸில் வீடு ஒன்றிலும் பட்டறை ஒன்றிலும் ஓடினால் தடுமாறும், பாலிஷ் மோட்டார் ஓடும் நேரம் இன்னும் மோசம். கேட் 6 இழுங்கள். கரண்ட் வயர் போகும் பைப்பில் சேர்த்து விடாதீர்கள், தனிப் பைப். வெயில் படும் இடமென்றால் கறுப்பு மேலுறை உள்ள வெளிப்புற ரகம்தான், சாம்பல் நிற வயரின் மேலுறையில் வெடிப்பு விட்டுவிடும். கடையில் காப்பர் என்றுதான் சொல்வார்கள், உள்ளே இருக்கும் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். உரசிப் பார்ப்பதற்கு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா!

கேள்வி: அம்மாபேட்டை. கார் ஷெட்டில் ஒரே ஒரு கேமராதான். ஷெட்டில் சிக்னல் நன்றாக இருக்கிறது, ஆனால் வைஃபை பெயரே கேமராவில் வரவில்லை.

பதில்: விலை குறைந்த கேமராக்கள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. ரூட்டரில் 2.4-ஐப் பிரித்துத் தனிப் பெயர் கொடுத்து, சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வைத்துவிட்டுத் தேடுங்கள், வந்துவிடும். ஒரு கேமராவுக்கு இரண்டு, மூன்று எம்பிபிஎஸ் போதும், அதற்காகப் பிளானை உயர்த்த வேண்டாம்.